மணிக்கூட்டைத் திருப்பினால் பொழுது புலருமா?

ஐரோப்பிய நாடுகளிலே பங்குனி இறுதியில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதும், ஐப்பசி இறுதியில் அதனைப் பின்தள்ளுவதும் நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று ஐரோப்பியப் பாராளுமன்றம் 2019ஆம் ஆண்டிலேயே வாக்களித்தது. எனினும், அரசாங்கங்கள் தம்முள் உடன்படாமையால் அம்முடிவு ஏட்டளவில் நின்றுவிட்டது. நிலையாக வைத்துக்கொள்ள வேண்டியது கோடைகால நேரமா, நண்பகலிற் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதற்கு இசைய வகுத்த நியம நேரமா? மாலை வெளிச்சம் நீளுமென்று பலருக்குக் கோடை நேரத்திலே ஆசை. வகுப்பறையிற் காலம் கழிக்கும் என்னைக் கேட்டால், நியம நேரமே வேண்டுமென்பேன்.

ருஷியா 2011ஆம் ஆண்டில் கோடை நேரத்தையே ஆண்டு முழுவதற்கும் சட்டமாக்கிற்று. மாரிக்காலக் காலைகளில் இருள் விலகாமை கண்டு மக்கள் சலிப்புற்றனர். 2014 ஐப்பசியில் நியம நேரம் திரும்பியது. அமெரிக்காவும் எண்ணெய் நெருக்கடியின்போது, 1974 தை மாதத்தில் இவ்வாறே செய்து பார்த்தது. சிறுவர்கள் இருளிலே பாடசாலைக்குச் செல்வதைப் பெற்றோர் பொறுக்கவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே மாரிக்காலத்துக்கு நியம நேரம் மீண்டது. இலண்டனிலே கோடை நேரம் மாரியிலும் நீடிக்குமாயின், மார்கழியிற் சூரியன் உதிக்கும்போது மணி ஒன்பதைக் கடந்திருக்கும்!

இதிலே நமக்கென்ன என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்கும் இந்த அநுபவம் உண்டு. 1996 வைகாசியில், வரட்சியினால் நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரம் தட்டுப்பட்டபோது, இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. ஐப்பசியில் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி 2006 வரை நிலைத்தது.

அப்பொழுது யான் யாழ்ப்பாணத்தில் மாணாக்கன். நாட்டின் மின்வழங்கலோடு 1990 முதலே தொடர்பற்றிருந்த குடாநாடு அது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, மின்சாரமில்லாத ஊரிலும் மணிக்கூட்டைத் திருப்பினோம். தை மாதத்தில் அங்கே சூரியன் உதிப்பது ஆறரை மணியளவில்; புதிய கணக்கில் அது ஏழு. எங்கள் பாடசாலை மணியோ ஏழரைக்கு அடிக்கும். அம்மா குப்பி விளக்கில் இடியப்பம் அவிப்பார். நாங்கள் இருளிலே கிணற்றடிக்குச் செல்வோம். மாலையில் மிஞ்சிய மண்ணெண்ணெய் காலையில் எரிந்தது. முதலாம் பாடத்தில் அரைவாசிப் பேர் தூங்கி விழுந்தோம். இன்று எதிரே இருக்கும் பிள்ளைகள் கொட்டாவி விடும்போது, சினத்துக்கு முன் அந்நினைவே எனக்கு வருகிறது.

இலண்டனில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேற்றுமை உண்டு. யாழ்ப்பாணத்திலே அது ஒரு மணிக்குச் சற்றே கூடுதல். இங்கே மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? சூரியோதயத்திலிருந்து அறுபது நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு விடியலை எவரும் தள்ளிவைக்க இயலாதிருந்தது.

வன்னியிலோ பழைய நேரமே வழங்கிற்று. 2002இல் வீதி திறந்தபின், ஓமந்தையைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தை அரை மணி திருப்பியவர்களுள் யானும் ஒருவன்.

எங்கள் வீட்டிலே அப்பாச்சியின் சுவர் மணிக்கூட்டை மட்டும் அந்தப் பத்தாண்டும் ஒருவரும் தொடவில்லை. தொட அவர் விடவுமில்லை. 2006 சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், மற்ற மணிக்கூடுகளையெல்லாம் அதனைப் பார்த்தே திருத்தினோம்.