எலுமிச்சம்பழமும் டாப்பெட்டும்

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நமது மக்களில் பெரும்பாலோர் நெடுந்தூரப் பிரயாணத்திற்குக் கிளம்புமுன் செய்கின்ற காரியம் என்னவென்று பார்த்தால், வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, மாலை சாத்தி, சூடம் கொளுத்தி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவதேயாகும். அந்தப் பழத்திற்கும் எஞ்சினுக்குள் இருக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நம்மை நாஸ்திகர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வால்வானது ஆஸ்திகன் வண்டியிலும் நாஸ்திகன் வண்டியிலும் ஒரே கணக்கின்படிதான் திறந்து மூடுகின்றது.

அந்தக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். எஞ்சின் இரண்டு முறை சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். நிமிஷத்திற்கு 3000 சுற்று ஓடுகின்ற எஞ்சினில் ஒரு வால்வு நிமிஷத்திற்கு 1500 தடவையும், மணிக்கு 90,000 தடவையும் தன் இருக்கையில் வந்து மோதுகின்றது. இவ்வளவு அடிபடும் இரும்பு தேயாதிருக்குமா? வால்வு தன் இருக்கையில் சிறிது சிறிதாக அமிழ்ந்து போகும். அதனால் அதன் தண்டு மேலே ஏறி, தண்டுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் இடையே விடப்பட்டிருக்கும் இடைவெளி குறையும். இடைவெளி அடியோடு போய்விட்டால் வால்வு முழுவதும் மூடாது. புகை போகும் பக்கத்து வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் இருக்கையின் வழியாகத்தான் ஹெட்டுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர வேண்டும். மூடாத வால்வு எப்படிக் குளிரும்? விளிம்பு தீய்ந்து போகும்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், இடைவெளி அதிகமானால் டாப்பெட் 'டக் டக்' என்று சத்தம் போட்டு நம்மை எச்சரிக்கும். இடைவெளி குறைந்தாலோ சத்தம் அடங்கிவிடும். எஞ்சின் கெட்டுக்கொண்டிருக்கும்போது பக்தன், "பூஜை போட்டபின் வண்டி எவ்வளவு சாந்தமாக ஓடுகிறது!" என்று ஆனந்தப்படுவான்.

நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த ஒருவர் தம்முடைய பழைய 350 புல்லட்டில் திருச்சியிலிருந்து இராமேஸ்வரத்திற்குக் கிளம்பினார். கிளம்புமுன் வண்டிக்கு அர்ச்சனை செய்த புரோகிதருக்கு ரூ. 501 தட்சணை. சில நாளாகவே காலையில் வண்டி எளிதில் கிளம்பவில்லை. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தது. அதை அவர் கண்திருஷ்டி என்று முடிவு செய்திருந்தார்! திருமயம் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை, சைலன்ஸரில் பட்டாசு வெடித்தது, பிறகு நின்றேவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு போய் ஒரு சிறு மெக்கானிக் கடையில் விட்டார். அங்கிருந்த பையன் பக்கத்து மூடியைக் கழற்றிப் புஷ் ராடை விரலால் சுழற்றிப் பார்த்தான். ஒன்று சுழன்றது, மற்றொன்று அசையவில்லை. அரை மணியில் சரி செய்தான். "வால்வு கொஞ்சம் தீய்ந்திருக்கும் சார், ஊர் போனதும் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள்" என்று உண்மையையும் சொன்னான். கூலி ரூ. 150 கேட்டான். நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? "அரை மணி வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசி ரூ. 100 கொடுத்தார்!

வண்டியைத் தொட்டறியாதவருக்குக் கேட்காமலே 501. வண்டியை ஓட வைத்தவனுக்கு 50 ரூபாய் வெட்டு. இதில் வயிற்றெரிச்சலான சங்கதி பணம் மாத்திரமல்ல. முன்னவரிடம் கைகட்டி நின்று 'சாமி' என்றவர், பின்னவனை 'டேய்' என்றுதான் கூப்பிட்டார். கையில் எண்ணெய்க் கறை படிந்தால் கீழானவன், விபூதி படிந்தால் மேலானவன் என்கின்ற இந்தப் புத்தி எங்கேயிருந்து வந்தது? பாடுபடுகிறவனை ஒரு ஜாதியாகவும், பாடுபடாதவனை அதற்குமேல் ஒரு ஜாதியாகவும் வைத்த அதே இடத்திலிருந்து வந்ததல்லாமல் வேறு எங்கிருந்து வந்திருக்க முடியும்?

நிற்க. இராஜஸ்தானத்தில், ஜோத்பூருக்கும் பாலிக்கும் இடையிலுள்ள சாலையில், ஒரு 350 புல்லட்டையே சாமியாக்கிக் கண்ணாடிக்குள் வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். விபத்தில் அதன் சொந்தக்காரர் இறந்தபின், போலீஸ் நிலையத்திற்குக் கொண்டுபோன வண்டி இரவோடிரவாகத் தானே விபத்து நடந்த இடத்திற்குத் திரும்பி வந்ததாம். வழிப்போக்கர்கள் இறங்கிக் கும்பிட்டு, சாராயமும் படைத்துவிட்டுப் போகிறார்கள். 1955 இல் சென்னையில் தோன்றிய கம்பெனிக்காக நமது திருவொற்றியூர்த் தொழிலாளிகள் லேத்திலும் பட்டறையிலும் நின்று செய்த வண்டி அது. செய்தவனுக்கு ஒரு கும்பிடு உண்டா? அந்த வண்டிக்கு மட்டும் டாப்பெட் பார்க்க வேண்டியதில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஏனெனில் அது ஓடுவதில்லை.

"பூஜையும் செய்வோம், டாப்பெட்டும் பார்ப்போம், என்ன நஷ்டம்?" என்று சில சமாதானக்காரர்கள் கேட்பார்கள். ஆயுத பூஜையைப் பாருங்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பலர் ஸ்பேனரையும் பீலர் கேஜையும் தேடி எடுக்கிறார்கள். எடுத்தவுடன் செய்வதென்ன? சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, விஜயதசமி வரையில் தொடக்கூடாது என்கிறார்கள்! ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள தகட்டின்மேல் சந்தனம் காய்ந்தால் அது பிறகு எதை அளக்கும்?

வேலையோ அவ்வளவு கஷ்டமானதல்ல. பழைய புல்லட்டைப் பற்றிச் சொல்லுகிறோம். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைத் திருப்பி, இரண்டு வால்வும் மூடியிருக்க பிஸ்டன் உச்சிக்கு வரும்படி நிறுத்த வேண்டும். டிகம்ப்ரஸர் கேபிள் இறுக்கமாக இருந்து வால்வைத் தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. வலப்பக்கத்து டாப்பெட் மூடியைக் கழற்றினால் புஷ் ராடுகளின் அடி தெரியும். அவை விரலால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்த எஞ்சின் சூடேறச் சிலிண்டர் வளர்ந்து இடைவெளி தானே உண்டாகுமாதலால், குளிர்ந்தபோது இவ்வளவே போதும். மற்ற எஞ்சின்களுக்கு அதைச் செய்தவன் புத்தகத்தில் சொன்ன கனத்துத் தகடு. சில புதிய எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தமே இடைவெளியைச் சரி செய்துகொள்ளும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு சிறிது மாறும். ஆகையால் இறுக்கியபின் இன்னொரு தடவை சுழற்றிப் பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். இதற்கு ஆணாய்ப் பிறந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை; பூஜையறைக்குள்ள தீட்டு விதி எதுவும் ஸ்பேனருக்குக் கிடையாது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலையே வண்டியை நிறுத்திவிட்டால், மறுநாள் விடியும்போது எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும். டாப்பெட் பார்ப்பதற்கு அதைவிட நல்ல முகூர்த்தம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.