ஏலத்தொகை தெரிகிறது, பங்கு தெரிகிறதா?

2025 டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் மதீஷ பத்திரணவை கொல்கத்தா அணி 18 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கியது. அதன் பின்னர் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "படிச்சு என்ன சேர் கிடைக்கப் போகுது?" நான் கோபப்படவில்லை. கரும்பலகையில் ஒரு வீதக் கணக்கைப் போட்டேன்.

ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமம் 2023 முதல் 2027 வரை ஐந்து பருவங்களுக்கு 48,390 கோடி ரூபாவுக்கு விற்கப்பட்டது. வருடத்துக்குச் சராசரியாக 9,678 கோடி. 2026 பருவத்தில் ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத்தொகை, போட்டிக் கட்டணமும் சேர்த்து, 151 கோடி. பத்து அணிகளும் முழுத்தொகையையும் கொடுத்தாலும் 1,510 கோடிதான். ஒளிபரப்பு வருமானத்தில் மட்டும் இது ஏறத்தாழ 16 வீதம். அனுசரணை, நுழைவுச்சீட்டு வருமானங்களையும் சேர்த்தால் வீரர்களின் பங்கு இன்னும் குறையும்.

ஏனைய இடங்களில் எப்படி? அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் வீரர்களுக்கு 49 முதல் 51 வீதம் வரை போகிறது. அமெரிக்கக் கால்பந்தாட்ட லீக்கான என்.எஃப்.எல். இல் குறைந்தது 48 வீதம். இங்கிலாந்து பிரீமியர் லீக் கழகங்கள் வருமானத்தில் 60 வீதத்துக்கு மேல் சம்பளத்துக்கே செலவிடுகின்றன.

இந்த வித்தியாசம் முதலாளிமாரின் தாராள மனதால் வந்ததல்ல. என்.பி.ஏ. இலும் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால் அது வீரர்களின் தொழிற்சங்கத்தோடு பேசித் தீர்மானித்த வரம்பு. வருமானக் கணக்கைப் பரிசோதிக்கும் உரிமையும் சங்கத்துக்கு உண்டு. 2011 இல் உடன்பாடு வராமல் 161 நாட்கள் கதவடைப்பு நடந்தது; 82 போட்டிகள் 66 ஆகக் குறைந்தன. முன்னர் 57 வீதமாக இருந்த தமது பங்கில் வீரர்கள் விட்டுக்கொடுக்கவும் நேர்ந்தது. ஆனாலும் அது மேசையில் அமர்ந்து விட்டுக்கொடுத்தது. இங்கிலாந்தில் அப்படியான பங்கு ஒப்பந்தம் இல்லை. ஆனால் ஒரு வீரருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை; கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் கழகங்கள் போட்டி போட்டுச் சம்பளம் கொடுக்கின்றன.

ஐ.பி.எல். இல் உச்சவரம்பு இருக்கிறது. பேரம் பேசும் சங்கம் இல்லை. 2019 இல் உருவான இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கமும் ஓய்வுபெற்றவர்களுக்கானது. ஏலத்தில் ஒருவரின் விலை ஏறினால், அதே பையிலிருந்துதான் இன்னொருவருக்குக் குறைகிறது. ஒருவருக்கு 18 கோடி, அடிப்படை விலைக்குப் போகிறவருக்கு 30 இலட்சம். 60 மடங்கு வித்தியாசம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐ.பி.எல். சுமார் இரண்டு மாதப் போட்டித்தொடர். இரண்டு மாதத்துக்கு 30 இலட்சம் என்பது ஓர் உள்ளூர் வீரருக்குச் சிறிய தொகையல்ல. இந்திய கிரிக்கெட் சபை தன் வருமானத்தில் உள்ளூர் கிரிக்கெட்டுக்கும் செலவிடுகிறது. எனவே 50 வீதம்தான் நியாயம் என்று நான் வாதாடவில்லை. பங்கைத் தீர்மானிக்கும்போது விளையாடுபவனின் குரலும் கேட்க வேண்டும் என்பதே என் வாதம்.

இது கோடீஸ்வரர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2025 ஜனவரியில் பங்களாதேஷ் பிரீமியர் லீக்கில், பேசிய பணம் வராததால் ராஜ்ஷாஹி அணியின் வெளிநாட்டு வீரர்கள் ஒரு போட்டிக்கே இறங்கவில்லை. பெயர் பெற்ற வீரர்களுக்கே இந்த நிலை என்றால், நாளை ஏதோ ஒரு லீக்கில் கையொப்பமிடப் போகும் நமது ஊர்ப் பிள்ளையின் கதி என்ன?

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்வேன். எவ்வளவு தருவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போது தருவார்கள், காயம் பட்டால் என்ன, தராவிட்டால் யாரிடம் போவது என்றும் கேளுங்கள். 2021 இல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் நாங்கள் மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றோம். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் தனித்தனியாகக் கேட்டிருந்தால் கிடைத்ததும் வந்திராது.

அந்த மாணவனுக்கும் இதையே சொன்னேன்: பந்து வீசப் பழகு, கூடவே வீதக் கணக்கையும் படி.