இது எங்க போகும் தம்பி?

நாயாற்றில் கரைவலைக்காரரின்ர பேச்சைப் பதியப் போனால் முதல் கேள்வி இதுதான். "சேர்வருக்கு" எண்டு சொன்னால் வன்னியில் ஆர் வாய் திறப்பினம்?

2022இல் ஓபன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் பேச்சை எழுத்தாக்கும், தமிழையும்தான். அது பைத்தனில் எழுதினது. எங்கட பழைய மடிக்கணினிகளுக்குப் பாரம். அதே வருசம் ஜோர்ஜி கெர்கானோவ் அதின்ர எடைகளை, அதாவது பயிற்சியில் கிடைத்த கோடிக்கணக்கான எண்களை, வேறொரு கோப்பாக்கி சி++ வாசிக்கிற மாதிரிச் செய்தார். திரும்பப் பயிற்றவில்லை. (எண்களின் வரிசை பிசகினால் பிழை காட்டாமலே உளறும்.) இப்ப இணையமில்லாமல் போனிலும் ஓடுது.

"தமிழ் ஏஐ செய்யோணும்" எண்டு மேடையில் கதைக்கிறதைவிட இந்தச் சுமக்கிற வேலையை நாங்கள் பழகலாம். கடற்சொற்களை அது பிழையாய்த்தான் எழுதும். திருத்துறதுக்கு அந்த அண்ணைமாரே பக்கத்தில இருப்பினம்.