சேற்றுப் புழு செத்தால் நமக்கென்ன?

எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றைக் கிளறினால் புழு நெளியும். மண்புழுவுக்கு ஒன்றுவிட்ட தம்பி! உடம்பின் இரண்டு பக்கமும் மயிர் மயிராகக் கால்கள்.

"சீ, புழுதானே! செத்தா சாகட்டுமே" என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் நிற்கவேண்டும்.

இந்தப் புழுவைத் தின்றுதான் கெளுத்தியும் நண்டும் இறாலும் கொழுக்கின்றன. உள்ளான் பறவைக்கும் இதுதான் சாப்பாடு. இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் தாய் இறாலுக்குப் போடும் உசத்தியான தீனியும் இதுவே. இதைத் தோண்டி விற்று அடுப்பு எரிய வைக்கும் குடும்பங்களும் கடற்கரையில் உண்டு.

அது மட்டுமா? புழு தோண்டும் வளை வழியாகத்தான் சேற்றுக்குக் காற்றோட்டம். வளை இல்லாவிட்டால் சேறு அழுகி நாறும்.

இரண்டு விஷம், ஒரு வயிறு

புழுவுக்கு ருசி பார்க்கத் தெரியாது. சேற்றை அப்படியே விழுங்கும். அதில் உள்ள சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளும். இப்போது சேற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் வில்லங்கம்.

ஒன்று, பிளாஸ்டிக் தூள். பை, கயிறு, டயர், நைலான் துணி எல்லாம் வெயிலிலும் அலையிலும் நைந்து 5 மில்லிமீட்டருக்கும் கீழே பொடியாகிவிடுகிறது. மழை பெய்தால் சென்னையின் குப்பை கால்வாய் வழியாக நேராகக் கடலுக்குத்தான் போகிறது.

இன்னொன்று, ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள். நிலக்கரியை எரித்த சாம்பலில் இவை உண்டு. குழாய் உடைந்து சாம்பல் கரைசல் எண்ணூர் கழிமுகத்தில் கொட்டியது ஊரறிந்த கதை. இந்த வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் உத்தரவும் போட்டது.

இந்த இரண்டும் தனித்தனியாக இருப்பதில்லை. பழைய பிளாஸ்டிக்கின் மேல் பாசி படிந்து, அதில் உலோகம் ஒட்டிக்கொள்கிறது. அதைப் புழு விழுங்கினால், வயிற்றில் சுரக்கும் நீர் உலோகத்தைக் கழற்றி உடம்புக்குள் விட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் மட்டுமே என்ன பண்ணும் என்பதற்கு 2013-ல் இங்கிலாந்தில் நடந்த சோதனை சாட்சி. சேற்றின் எடையில் 5 சதவீதம் பி.வி.சி. தூள் கலந்து புழுக்களை வளர்த்தார்கள். புழுக்கள் சாப்பிடுவது குறைந்தது. உடம்பில் சேர்த்து வைத்திருந்த சக்தி பாதி வரை கரைந்துபோனது. அரைவயிற்றுப் புழுவின் மேல் ஈயமும் ஏறினால் என்ன கதி?

"சில சோதனைகளில் பிளாஸ்டிக் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, விஷத்தைக் குறைத்திருக்கிறதே" என்று வாதிடுவோர் உண்டு. வாஸ்தவம்தான். பிளாஸ்டிக்கின் ரகம், தண்ணீரின் உப்பு, உலோகத்தின் வகை ஆகியவற்றைப் பொறுத்து முடிவு மாறுகிறது. அதனால்தான் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியோடு விட்டுவிடாமல், எண்ணூர் சேற்றையே சோதிக்கவேண்டும் என்கிறோம்.

கணக்கு ஏன் தனித்தனி?

ஆலைக் கழிவுநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். ஈயத்துக்கு வேறு வரம்பு. காட்மியத்துக்கு வேறு வரம்பு. பிளாஸ்டிக் தூளுக்கோ அந்தப் பட்டியலில் இடமே இல்லை!

ஒவ்வொரு ஆலையும் "எங்க தண்ணி வரம்புக்குள்ளதான் இருக்கு" என்று காகிதம் காட்டிவிடலாம். பத்துக் குழாயில் வந்தது மொத்தமும் அடியில் படிவது ஒரே சேற்றில்தான். புழுவின் வயிற்றில் தனித்தனிக் கணக்கு கிடையாது. எல்லாம் சேர்ந்து ஒரே பில்!

சேற்றை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா போதும். ஆலை விட்ட பாதரசம் மீனிலும் சிப்பியிலும் ஏறி, மனிதனின் நரம்பைத் தின்றது. நோய் தெரிய வந்தது 1956-ல். வளைகுடாவின் விஷச் சேற்றை அள்ளிப் புதைக்கும் வேலை 1977-ல் தொடங்கி 1990 வரை இழுத்தது. ஆலை பண்ணிய தப்புக்கு அரசாங்கமும் மக்களும் சேர்ந்து அழுதார்கள்.

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. குழாய்த் தண்ணீரை மட்டும் சோதிக்காமல், அடிச் சேற்றையும் அதில் வாழும் புழுவையும் ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், சோதிக்கவேண்டும். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒரே அறிக்கையில் போடவேண்டும். அந்த அறிக்கையைத் தமிழில் அச்சடித்து எண்ணூர், காசிமேடு மீன் அங்காடிகளில் ஒட்டவேண்டும்.

பொதுமக்கள் பங்கும் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஆனாலும் கடைக்காரர் கவுண்டருக்குக் கீழேயிருந்து நைசாக எடுத்துக் கொடுக்கிறார். வாங்குகிறவரும் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பை எங்கே போய்ச் சேருகிறது என்று இரண்டு பேருமே யோசிப்பதில்லை.

புழுவைத் தின்ற மீனை வாங்க ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கிறவர்கள் யார்? சாட்சாத் சென்னைவாசிகள்தான்! அதிகாரிகள் புழுவுக்காக இரங்கவேண்டாம். அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்காகவாவது சேற்றில் கால் வைப்பார்களா?