குழைந்த கிழங்கு

'இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்.' ஐரோப்பியப் படம் எது ஓடிடிக்கு வந்தாலும் இதே விளம்பர வாசகம்தான். இந்த வாரம் அது கண்ணில் பட்டதிலிருந்து எரிச்சல். பயமுறுத்தி விற்பது பழைய வியாபாரம். 2002 கான் விழாவில் காஸ்பர் நோயேயின் 'இர்ரிவர்சிபிள்' ஓடும்போது பலர் எழுந்து போனார்கள். அவர்கள் போனதே படத்துக்கு விளம்பரமாயிற்று. ரத்தமும் நிர்வாணமும் சீண்டத்தான் செய்யும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் அந்தச் சீண்டல் தீர்ந்தது. கண்ணைத் திறந்து வைத்திருப்பவனைத் தொந்தரவு செய்வதுதான் கஷ்டம்.

உருளைக்கிழங்கு வேகவைத்தே அதைச் சாதித்தவர் இயக்குநர் ஷாந்தால் அக்கர்மன். 1975இல் வந்த 'ழான் டீல்மன்' படத்தின் முழுப் பெயர் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வீட்டு விலாசம். அங்கே ஒரு விதவை, பள்ளி செல்லும் மகனோடு. சமைப்பாள், விளக்கை அணைப்பாள், மதியத்தில் வாடிக்கையாளர் ஒருவர் வந்து போவார், அவர் தந்த காசு மேசைமேல் இருக்கும் சூப் பாத்திரத்துக்குள் போகும். பாபெத் மங்கோல்ட்டின் கேமரா அசையாது. முதல் நாள் முழுக்க இந்த ஒழுங்கைப் பார்த்துப் பழகிவிடுகிறோம். இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துபோகிறது. அவளாக நடிக்கும் டெல்ஃபின் செரிக் கிழங்குப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறார். கடைக்குப் போய் வேறு கிழங்கு வாங்கிவந்து, உட்கார்ந்து, தோல் சீவுகிறார். கத்தி நிற்கிறது, மறுபடி நகர்கிறது. அவ்வளவுதான் நடக்கிறது. நமக்கோ அடிவயிறு கலங்குகிறது. சூப் பாத்திரத்தின் மூடி திறந்தே கிடப்பதைக் கண்டு பதறுகிறோம். முதல் நாளை வெட்டிச் சுருக்கியிருந்தால் இந்தப் பதற்றத்துக்கு இடமே இல்லை.

அலுப்பைக் கலை என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்பார்கள். நீளத்தை மேதைமையாக நினைத்துக்கொள்ளும் படங்கள் ஏராளம், ஒப்புக்கொள்கிறேன். இங்கே ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு இருக்கிறது. கடைசியில் கத்தரிக்கோலும் கொலையும் வருகின்றனவே, அக்கர்மனுக்கும் அதிர்ச்சி தேவைப்பட்டதுதானே என்பது இன்னும் கூர்மையான கேள்வி. ஆனால் கொலை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் இருட்டில் மேசை முன் உட்கார்ந்திருப்பதைப் பல நிமிடங்கள் காட்டுகிறார். எதற்கு எவ்வளவு நேரம் என்பதிலேயே அவருடைய பதில் இருக்கிறது. 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' விமர்சகர் வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடம் பிடித்தது. ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. இது அரசியல் சரித்தன்மைக்குக் கிடைத்த வெற்றி என்று இயக்குநர் பால் ஷ்ரேடர் போன்றவர்களே முணுமுணுத்தார்கள். வாக்களித்தவர்களின் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். கிழங்கு 1975லேயே வெந்துவிட்டது.

படம் 3 மணி 21 நிமிடம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடும் பட்டன் ஓடிடியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இந்த ஒரு படத்துக்காவது அதைத் தொடாதீர்கள்.