அணைக்கும் கை எது?

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பிள்ளையைக் கண்டித்த தாயைக் குறித்துச் சொல்லும் அம்மொழியை, மனைவியை வதைக்கும் கணவனுக்கும் அரணாக்கிவிட்டோம்.

இஃது எங்கோ நடக்கும் செய்தியன்று. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டு நடத்திய ஆய்வின்படி, துணைவனோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களுள் ஐவரில் ஒருவர் அவனால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியுள்ளார். வெள்ளவத்தையின் மாடிவீடுகளும் கொட்டாஞ்சேனையின் ஒட்டுச்சுவர் வீடுகளும் இதற்குப் புறம்பாகா.

அடியின் தழும்பு தோலோடு நிற்பதில்லை. உறக்கமின்மை, ஓயாத தலைவலி, மனச்சோர்வு எனப் பல உருவில் அது தொடரும். வதைப்பவன் பெரும்பாலும் தாய்வீட்டுத் தொடர்பையும் தோழியர் நட்பையும் அறுத்துவிடுகிறான். ஆதலின் மாத்திரை மட்டும் அவளைத் தேற்றாது. அறுந்த உறவுகள் மீண்டும் இணைதலும் மருந்தேயாகும்.

உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட கைந்நூல் சுகாதார ஊழியர்க்கு ஐந்து கடமைகளைக் கூறுகிறது: செவிமடுத்தல், தேவையைக் கேட்டறிதல், அவள் கூற்றை நம்புதல், பாதுகாப்புக்கு வழிதேடல், மேலும் உதவி பெறத் துணைநிற்றல். இவற்றின் சாரத்தைக் கைக்கொள்ள அயலவருக்கு வைத்தியப் பட்டம் வேண்டுமா?

துணைக்கரங்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. 1987இல் தோன்றிய ‘விமன் இன் நீட்’ ஆலோசனையும் சட்ட உதவியும் அளித்து வருகிறது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ‘மித்துரு பியச’ எனப்படும் நட்பு நிலையங்கள் உள. 1938 என்ற எண்ணில் மகளிர் உதவிச் சேவையை அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான், பன்னிரண்டு மாதம் வரை செல்லுபடியாகும் பாதுகாப்புக் கட்டளையைப் பிறப்பிக்கலாம்.

எனினும், அவ்வாசல்வரை அவளோடு செல்பவர் யார்? சிங்களம் அறியாதவளுக்காகப் பேச ஓர் அயலவள், அவள் பிள்ளைகளை ஒரு பொழுது பார்த்துக்கொள்ள ஓர் அத்தை, சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் பத்திரப்படுத்த ஒரு தோழி — இம்மூவர் இருந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

செய்யலாகாதனவும் உண்டு. அவள் சொன்னதை ஊருக்கு உரைத்தலாகாது. ‘பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்’ என்றோ ‘இன்றே வெளியேறு’ என்றோ வற்புறுத்தலுமாகாது. வீட்டை விட்டு நீங்கும் வேளையே ஆபத்து மிக்க வேளையாதல் உண்டு; காலத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை அவளுடையது.

சுவருக்கப்பால் அழுகுரல் கேட்கையில் வானொலியின் ஒலியைக் கூட்டுவோர் நம்முள் பலர். மறுநாள் அவள் தனித்திருக்கும் வேளை பார்த்து, ‘நலமா தங்கச்சி?’ என்று கேட்போமாக. அணைக்கும் கை அடித்த கையாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. அது நம் கையாகவும் இருக்கலாம்.