தோற்ற பின்னும் அமைச்சர்

சி.சுப்பிரமணியம் (சி.எஸ்.) என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பசுமைப் புரட்சி. மத்திய உணவு அமைச்சராக 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்த துணிச்சலை நாடு மறக்கவில்லை. 1998இல் பாரத ரத்னா கொடுத்தது. ஆனால் அந்தத் துணிச்சல் எங்கே பக்குவப்பட்டது? சென்னைச் சட்டமன்றத்தில், 1952 முதல் 1962 வரையிலான பத்தாண்டுகளில்தான். அவர் வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதியும் அதுவே என்பேன்.

பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சட்டம் படித்துக் கோவையில் வக்கீல் தொழில் பார்த்தார், சிறை சென்றார், அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். 1952இல் ராஜாஜி அமைச்சரவையில் இடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டே சோதனை. பள்ளி அரை நாள், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழகமே எதிர்த்தது. சட்டமன்றத்தில் அதற்காக வாதாடும் பொறுப்பு சி.எஸ். தலையில் விழுந்தது. திறமையாகவே வாதாடினார். திட்டம் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திறமை தவறை நியாயமாக்கிவிடாது.

1954இல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்ற சி.எஸ். தோற்றார். இன்றைய அரசியலில் அதோடு ஆள் காணாமல் போயிருப்பார். காமராஜரோ தம்மை எதிர்த்தவரையே அழைத்து அமைச்சராக்கினார். அழைத்தவரின் பெருந்தன்மையைப் பேசுகிறோம்; சென்றவரின் மனத்திண்மையைப் பேசுவதில்லை. அதே ஆண்டு மே மாதத்திலேயே, முன்பு தாம் வாதாடிய திட்டத்தைக் கைவிடுவதாக அறிவிக்கும் கடமையும் அவருக்கே வந்தது. வீம்பு பாராட்டாமல் அறிவித்தார். தீர்ப்பு வந்த பிறகு அதை ஏற்று அடுத்த வழக்குக் கட்டை எடுக்கும் நல்ல வக்கீலின் குணம் அது.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். கல்வியும் நிதியும் ஒரே அமைச்சரிடம் இருந்தன. பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்கும் கோப்பும், அதற்குப் பணம் உண்டா என்று பார்க்கும் கோப்பும் அவர் மேசைக்கே வந்தன. ஊர்தோறும் பள்ளி, மதிய உணவு என்ற காமராஜரின் கனவு, நெ.து.சுந்தரவடிவேலு போன்ற அதிகாரிகளின் உழைப்போடு இந்த வசதியும் சேர்ந்ததால்தான் வேகம் பிடித்தது. தமிழை ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் அமைச்சராக இருந்தபோது வந்ததே. 1965இல் இந்திப் பிரச்சினைக்காக மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலக முன்வந்தவரை, அந்தச் சட்டத்தை நினைவில் வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

அந்தப் பத்தாண்டுகளில் அவர் பேசியவை சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகளில் இருக்கின்றன. கல்வி, நிதி பற்றிய பேச்சுகளையாவது தேர்ந்தெடுத்து, எதிர்க்கட்சியினர் எழுப்பிய கேள்விகளோடு சேர்த்து, தமிழக அரசு மலிவு விலையில் நூலாக வெளியிட வேண்டும். புதிதாகத் தேர்வாகும் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினர் கையிலும் முதல் நாளே அதைக் கொடுக்கலாம்.